கரையோரம் ஒரு கீற்று நிலம்: அமெரிக்க ட்ரவுட் ஓடைகளுக்குப் பொதுவழி திறக்கும் கதை

அமெரிக்காவில் ஓடும் நீரும் அதில் நீந்தும் மீனும் பொதுமக்களுக்கு உரியவை. மாநில அரசு அவற்றின் அறங்காவலர் மட்டுமே. ஆனால் அந்த நீரை எட்டுவதற்கு மிதிக்க வேண்டிய நிலம், குறிப்பாக நாட்டின் கிழக்கிலும் நடுமேற்கிலும், பெரும்பாலும் ஒரு பால்பண்ணைக்காரருக்கோ, சோள விவசாயிக்கோ, வார இறுதி வீட்டுக்காரருக்கோ சொந்தமாக இருக்கிறது. ஆண்டு உரிமத்துக்குப் பணம் கட்டி, குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் என்ற மீனைப் பிடிப்பதற்கான தனி அனுமதி முத்திரையும் வாங்கிய ஒருவர், சாலைப் பாலத்தின் மேல் நின்று, சட்டப்படி தான் பிடிக்கக்கூடிய மீனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக நேர்வது இதனால்தான். இந்த இடைவெளியை அடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நடந்துவரும் முயற்சிகளில் நீதிமன்றத் தீர்ப்புகளே அதிகம் பேசப்படுகின்றன. சிறிய ஓடைகளைப் பொறுத்தவரை அதைவிட அதிகம் சாதித்தது, கரையோரம் சில டஜன் அடி அகலமுள்ள நிலத்தின் மீது விலை கொடுத்து வாங்கப்பட்ட நிரந்தரப் பாத்தியம், அதாவது நிலம் உரிமையாளரிடமே இருக்க அதைப் பயன்படுத்துவதற்கு மட்டும் பெறும் உரிமை, என்பது என் கணிப்பு.

ட்ரவுட் ஏன் இத்தனை தனியார் நிலங்களுக்குள் வாழ்கிறது என்பதற்கு அதன் உடலியல்தான் காரணம். கிழக்கு வட அமெரிக்காவின் சொந்த மீனான ஓடை ட்ரவுட், நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்குகிறது. 1880களில் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாகக் கொண்டுவரப்பட்ட பழுப்பு ட்ரவுட் சற்றுக் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும், அவ்வளவே. கோடையிலும் இந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும் நீர், உயர்ந்த மலைகளில்லாத நிலப்பரப்பில், நிலத்தடி ஊற்றுகளுக்கு அருகில்தான் கிடைக்கும். மினசோட்டாவின் தென்கிழக்கு, விஸ்கான்சினின் தென்மேற்கு, அயோவாவின் வடகிழக்கு, இல்லினாயின் வடமேற்கு மூலை ஆகியவை சேர்ந்த பகுதியை ட்ரிஃப்ட்லெஸ் என்று அழைக்கிறார்கள். சுற்றிலும் எல்லாவற்றையும் தேய்த்துச் சமப்படுத்திய கடைசிப் பனியாறுகள் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டன. அதனால் இங்கே செங்குத்தான பள்ளத்தாக்குகளும் பிளவுகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் படிவங்களும் எஞ்சின. அந்தப் பிளவுகளின் வழியே வெளிப்படும் ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் 8 அல்லது 9 டிகிரி அளவிலேயே இருக்கிறது. ஒரே தாவலில் தாண்டிவிடக்கூடிய ஓடையில்கூட ட்ரவுட் இருக்கும். அந்த ஓடை நான்கைந்து பண்ணைகளின் மேய்ச்சல் நிலத்துக்குள் வளைந்து வளைந்து போகும். தேசியக் காடுகள் பரந்து கிடக்கும் மேற்கு மாநிலங்களின் மலையோடைகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அங்கே தகராறு, ஆறு மலையிலிருந்து இறங்கிப் பண்ணைச் சமவெளிக்குள் நுழையும் இடத்தில் தொடங்குகிறது.

சட்டத்தின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நீர் பொதுவானது என்பதில் பெரிய சண்டை இல்லை. நீருக்கு அடியிலுள்ள தரை யாருடையது, அதை மிதிக்கலாமா என்பதில்தான் எல்லாச் சண்டையும். மான்டானாவில் 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 1985இல் இயற்றப்பட்ட ஓடை அணுகல் சட்டமும், பொழுதுபோக்குக்குப் பயன்படத்தக்க எந்த ஆற்றிலும் சாதாரண உயர்நீர்க் கோடு (வழக்கமாக நீர் ஏறும் உச்ச எல்லை) வரையில் பொதுமக்கள் இறங்கி நடக்கலாம் என்று உறுதிசெய்தன, படுகை யாருடைய பெயரில் இருந்தாலும் சரி. ஆற்றை எட்டுவதற்காகத் தனியார் நிலத்தைக் கடக்கும் உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை; எனவே பொதுச் சாலைப் பாலங்கள்தான் நுழைவாயிலாயின. பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு கம்பிவேலியைப் பிணைத்துக் கட்டும் நில உரிமையாளர்களுக்கும் தூண்டிலாளர்களுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த பூசல், 2009இல் பால வழிக்கெனத் தனிச் சட்டம் வந்த பிறகுதான் ஓரளவு தணிந்தது. ரூபி ஆற்றின் பாலங்கள் தொடர்பான வழக்கு அதற்குப் பிறகும் 2014 வரை இழுத்தது.

கொலராடோ நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. கொலராடோ ஆற்றில் மிதவையில் சென்று, தனியார் நிலத்துக்குள் ஆற்றின் அடித்தரையைத் தொட்டவர்கள் மீது போடப்பட்ட அத்துமீறல் வழக்கில், தண்டனை செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. அங்கே மிதந்து போவதும் கால் ஊன்றி நிற்பதும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு செயல்கள். இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசுபவருக்கு இது என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதை மாற்றும் நோக்கத்தோடு ஒரு தூண்டிலாளர் தொடுத்த வழக்கை, அத்தகைய வழக்கைத் தொடுக்கும் தகுதி அவருக்கு இல்லை என்ற காரணத்தால் 2023இல் அதே நீதிமன்றம் தள்ளிவிட்டது. யூட்டாவில் 2008இல் நீதிமன்றம் திறந்த கதவைச் சட்டமன்றம் 2010இல் மூடியது. மூடியது செல்லும் என்று 2023இல் முடிவாயிற்று. நியூ மெக்சிகோவிலோ 2022இல் பொதுமக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது.

மிச்சிகனின் கதையில் ஒரு கசப்பான முரண் உண்டு. அங்கே 1926இல் பைன் ஆறு தொடர்பான வழக்கில், தனியார் நிலத்துக்குள் ஓடும் ஆற்றில் இறங்கி ட்ரவுட் பிடித்தவர் அத்துமீறவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. மரக்கட்டைகளை மிதக்கவிடத் தக்க ஆறு எதுவும் பொதுவழிக்குரியதே என்பது அந்த மாநிலத்தில் ஏற்கெனவே வழங்கிவந்த அளவுகோல். அப்படி மிதக்கவிடப்பட்ட கட்டைகள்தான் ஆற்றுப் படுகைகளை உழுது, கரைகளைப் பெயர்த்து, நிழல் தந்த காடுகளும் போய்விட, மிச்சிகனுக்கே உரிய கிரேலிங் மீன் 1930களுக்குள் அடியோடு அழியக் காரணமானவற்றுள் ஒன்று. அந்த மீனின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் கிரேலிங் என்ற ஊரின் அருகே, ஆ சேபிள் ஆற்றங்கரையில்தான் 1959இல் ட்ரவுட் ஓடைகளைக் காக்கும் ட்ரவுட் அன்லிமிடெட் அமைப்பு தோன்றியது. ஆற்றைச் சிதைத்த தொழிலே ஆற்றுக்குள் இறங்கும் உரிமைக்குச் சான்றாக நின்றது என்பதை மிச்சிகன் தூண்டிலாளர்கள் மறப்பதில்லை.

இத்தகைய உரிமைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றால் நன்மை அடைபவை அகலமான ஆறுகளே. விஸ்கான்சினில் நீரில் நடக்கும் உரிமை வலுவானது. காலை நனைத்தபடியே இரு என்பதுதான் அங்கே தூண்டிலாளருக்குச் சொல்லப்படும் விதி. ஆறடி அகலமுள்ள ஊற்றோடையில் இந்த விதியைக் கடைப்பிடித்து ஒரு மைல் போய்ப் பாருங்கள்: முன்னால் உள்ள ஒவ்வொரு மீனும் காலடி அதிர்வில் ஓடி ஒளிந்துவிடும், ஆழமான மடு வந்தால் கரையேற வேண்டும், ஏறினால் அத்துமீறல். அதைவிட முக்கியமானது, நீரில் நடப்பது மீனுக்கும் கேடு. ட்ரவுட் கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிடும். ஓடை ட்ரவுட்டும் பழுப்பு ட்ரவுட்டும் இலையுதிர் காலத்தில் இட்ட முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடக்கும். மான்டானாவில் நடந்து 1992இல் வெளியான ஆய்வொன்று, முட்டைப் படுகையின் மீது நாள்தோறும் இருமுறை மனிதர் நடந்தால், முட்டைகளிலும் வெளிவராத குஞ்சுகளிலும் 96 சதவீதம் வரை மடியக்கூடும் என்று காட்டியது. சிறிய ஓடையில் தூண்டிலாளர் இருக்க வேண்டிய இடம் கரை. அங்கே நிற்பதற்கான உரிமையை நீரைப் பற்றிய எந்தத் தீர்ப்பாலும் தந்துவிட முடியாது. நிலத்துக்காரரிடமிருந்துதான் பெற வேண்டும்.

இதைப் பெறும் வழியை முதலில் பெரிய அளவில் கையாண்டது நியூயார்க் மாநிலம். 1935 முதல், விற்க விரும்பும் நில உரிமையாளர்களிடமிருந்து பொது மீன்பிடிப் பாத்தியத்தை அது வாங்கி வருகிறது. ஓடையின் ஒரு கரையிலோ இரு கரைகளிலுமோ வழக்கமாக 33 அடி அகலத்துக்கு. மஞ்சள் பலகை அறைந்த அந்தக் கீற்றில் எவரும் நடந்து மீன் பிடிக்கலாம். நீந்தவோ, கூடாரம் அடிக்கவோ, விருந்து வைக்கவோ உரிமை இல்லை, நிலம் உரிமையாளருடையதே. மினசோட்டா பெரும்பாலும் ஓடையின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 66 அடி வாங்குகிறது. விஸ்கான்சினின் கரைப் பாதுகாப்புத் திட்டத்திலும் அதே 66 அடிதான். பழைய நில அளவைக்காரர்களின் சங்கிலி ஒன்றின் நீளம் சரியாக 66 அடி. நியூயார்க்கின் 33 அதில் பாதி. இந்த அகலங்கள் மீனியல் ஆய்வில் கண்டறியப்பட்டவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பத்திரத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் இந்த முறையின் வலிமை அடங்கியிருக்கிறது. நிலம் எத்தனை முறை கைமாறினாலும் பாத்தியம் நிலத்தோடு போகும். வாரிசுகள் அதை ரத்து செய்ய முடியாது. மினசோட்டா பத்திரம் தூண்டிலாளருக்கு நடக்கும் உரிமையை மட்டும் தருவதில்லை. அரிக்கும் கரையைச் சரித்துச் சீராக்கவும், பாறை அடுக்கவும், மீன் ஒளியும் மறைவிடங்கள் அமைக்கவும், தேவையற்ற மரங்களை நீக்கவும் இயற்கைவளத் துறைக்கு அதே பத்திரம் உரிமை அளிக்கிறது. இழப்பீடும் பேரம் பேசி முடிவாவதில்லை: ஓடையின் நீளத்துக்கு அடிக்கு இவ்வளவு, அதோடு கீற்றின் பரப்புக்கு அந்த நிலத்தின் மதிப்பிலிருந்து இவ்வளவு என்று மாநிலச் சட்டத்திலேயே கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரருக்குத் தன்னைவிட அதிகம் கிடைத்ததோ என்ற ஐயத்துக்கு இடமில்லாமல் போவதால், ஒரு பள்ளத்தாக்கில் முதல் இருவர் கையெழுத்திட்டால் மற்றவர்களை அணுகுவது எளிதாகிறது.

பண்ணைக்காரர் ஏன் சம்மதிக்கிறார்? ஒரு முறை கிடைக்கும் தொகை சிறியதுதான். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து மேய்ச்சல் நிலத்தை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, கரையை அரசுச் செலவில் கட்டித் தருவது அதைவிடப் பெரிய ஈர்ப்பு. ட்ரிஃப்ட்லெஸ் பகுதியின் ஓடைக் கரைகளில் பல இடங்களில் ஆளுயரத்துக்கும் மேல் வண்டல் நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் மலைச்சரிவுகளை உழுததில் கீழே வந்து சேர்ந்த மண் அது. அந்தச் செங்குத்துக் கரைகள் ஒவ்வொரு வெள்ளத்திலும் இடிந்து, நீரைக் கலக்கி, முட்டைப் படுகைகளை மூடுகின்றன. கரையைச் சரித்துப் புல் விதைத்தால் வெள்ளம் மேலேறிப் பரவிச் சக்தி இழக்கும், மண் நிற்கும். பால்பண்ணைக்காரருக்கு வேண்டியதும் ட்ரவுட்டுக்கு வேண்டியதும் இந்த ஓர் இடத்தில் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

மறுப்பவர்களின் காரணங்களும் அற்பமானவை அல்ல. திறந்து போட்ட கதவு வழியே மாடு சாலைக்கு வந்துவிடும். குப்பை சேரும். வீட்டுச் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியாதவர் ஒருவர் நிற்பார். என்றென்றைக்கும் என்ற சொல்லைப் பேரப்பிள்ளைகளின் சார்பில் எழுதிக் கொடுக்க மனம் வராது. நடந்து வருபவர் வழுக்கி விழுந்தால் தன் மீது வழக்கு வருமோ என்ற அச்சம் எல்லாவற்றுக்கும் மேலானது; ஆனால் அதற்குச் சட்டம் ஏற்கெனவே விடை தந்திருக்கிறது. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரைப் பொறுப்பிலிருந்து பெருமளவு விடுவிக்கும் சட்டத்தை மிச்சிகன் 1953இலேயே இயற்றியது; இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் அது இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைப் பண்ணைக்காரரின் மேசைக்கு அருகே உட்கார்ந்து சொல்ல ஓர் அலுவலர் இல்லாததால் கைநழுவிய ஓடைகள் உண்டு. பாத்தியம் வாங்குவது பல ஆண்டுப் பழக்கத்தில் விளையும் வேலை. அலுவலரை அடிக்கடி மாற்றும் துறை அதைச் செய்ய முடியாது.

பணம் பல வாய்க்கால்களில் வருகிறது. தூண்டில், சுருள், நூல் முதலியவற்றின் மீதான கூட்டாட்சிக் கலால் வரியை மாநிலங்களின் மீன்வளத் துறைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிங்கல்-ஜான்சன் சட்டம் 1950இல் வந்தது. 1984இல் அது விரிவாக்கப்பட்டது. இந்த நிதியில் 15 சதவீதம் படகுகளுக்கான வசதிகளுக்குப் போக வேண்டும் என்பது விதி. கரையில் நடந்து செல்பவருக்கு அப்படியொரு கட்டாய ஒதுக்கீடு இல்லை. எனவே ஏரிக்கரைப் படகுத்துறைகள் பெருகிய வேகத்தில் ஓடைப் பாத்தியங்கள் பெருகவில்லை. நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிரந்தரமாகக் கிடைக்க 2020இல் வழி செய்யப்பட்டது. அதன் ஒரு சிறு பங்கைப் பொழுதுபோக்கு அணுகலுக்கென ஒதுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. மாநில அளவில் மினசோட்டாவின் ஏற்பாடுதான் துணிச்சலானது: 2008 நவம்பரில் வாக்காளர்கள் தங்கள் மாநில அரசியலமைப்பையே திருத்தி, விற்பனை வரியை ஒரு சதவீதத்தில் எட்டில் மூன்று பங்கு உயர்த்திக்கொண்டார்கள். 2034 வரை நடைமுறையில் இருக்கும் அந்த வரியின் மூன்றில் ஒரு பகுதி வாழிடப் பணிகளுக்குப் போகிறது. தென்கிழக்கின் ட்ரவுட் ஓடைகளுக்கு அதிலிருந்து தொடர்ந்து பணம் கிடைக்கிறது. விஸ்கான்சின் தன் பங்குக்கு நோல்ஸ்-நெல்சன் திட்டத்தை 1989இல் தொடங்கிக் கடன்பத்திரங்கள் மூலம் நிலமும் பாத்தியமும் வாங்கியது. அங்கே சட்டமன்றத்தின் மனநிலையைப் பொறுத்து ஒதுக்கீடு ஏறி இறங்கியிருக்கிறது.

நிரந்தரப் பாத்தியத்துக்குப் பதில் சில ஆண்டுக் குத்தகை போதாதா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. 2008ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் தன்னார்வப் பொது அணுகலுக்கு நிதி தந்தது. அதில் பெரும்பகுதி வேட்டைக்காகவே செலவாகிறது. வேட்டைக்கு அது பொருந்தும், ஏனெனில் பறவை அடுத்த வயலுக்குப் பறந்துபோகும். ஓடை நகராது, அதில் போட்ட பாறையும் நகராது. ஐந்தாண்டுக் குத்தகை முடிந்ததும் கதவு பூட்டப்படுமானால், பொதுப்பணத்தில் திருத்தப்பட்ட ஓடையைப் பொதுமக்கள் பாலத்தின் மீதிருந்து பார்த்துக்கொண்டிருக்க நேரும். குத்தகையை அறிமுகத்துக்கான வழியாகப் பயன்படுத்தலாம். அதில் பெருந்தொகையைப் புதைப்பது சரியல்ல.

அணுகல் பெருகினால் மீன் தாங்குமா என்பது இதே அளவு கடினமான கேள்வி. பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விடுவது பரவலாகிவிட்டதால் கொல்லப்படும் மீன் குறைந்திருக்கிறது. ஆனால் வெப்பம் ஏறிய நீரில் போராடிக் களைத்த மீன், விடப்பட்ட பிறகும் பிழைப்பது உறுதியில்லை. மான்டானாவில் நீரின் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து ஏறத்தாழ 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அந்தப் பகுதியில் மீன்பிடிப்பு நிறுத்தப்படுகிறது. ஊற்றோடைகளில் வெப்பம் அவ்வளவு ஏறுவதில்லை. அங்கே நெருக்கடி வேறு வகையானது. பத்து வண்டிகள் நிறுத்த இடம் அமைத்தால் பத்து வண்டிகள் வரும். அந்த இடத்துக்கு இருபுறமும் கால் மைல் தொலைவு கரை தேய்ந்து வெறும் மண்ணாகும். அரை மைலுக்கு அப்பால் ஆள் நடமாட்டமே இருக்காது. இரண்டு வண்டிக்கு மட்டும் இடமுள்ள நிறுத்தங்களைப் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறவிட்டு, வேலிகளின் மீது ஏறி இறங்கும் மரப்படிகள் வைப்பது செலவு குறைந்த பரிகாரம். ஆனால் பாத்தியம் வாங்கும் நிதி படிகளைப் பழுதுபார்க்கக் கிடைப்பதில்லை. வாங்குவது ஒரு செலவுத் தலைப்பு, பராமரிப்பது வேறொரு தலைப்பு. எல்லைப் பலகை விழுந்து பத்தாண்டு ஆகியும் யாரும் அதைத் திரும்ப நட்டு வைக்காத கீற்றில், புதிய உரிமையாளர் வேலி போடுவதும், தூண்டிலாளர் தெரியாமல் பக்கத்து நிலத்துக்குள் நுழைவதும் நடக்கின்றன. புதிதாக ஒரு மைல் வாங்குவதற்கு முன் ஏற்கெனவே வாங்கியதை ஆண்டுக்கொருமுறை நடந்து பார்க்க ஆளும் பணமும் ஒதுக்குவதை நிபந்தனையாக்க வேண்டும் என்பேன்.

ஊற்றுமுகத்தை ஒட்டிய மிகச் சிறிய ஓடைகளைப் பற்றியும் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பழுப்பு ட்ரவுட் ஏறிவராத அந்தக் கடைசி அரை மைலில்தான் சொந்த மீனான ஓடை ட்ரவுட் பல இடங்களில் ஒதுங்கி வாழ்கிறது. அங்கே திருத்தும் உரிமையை வாங்க வேண்டும்; நடக்கும் உரிமையையும் வாங்கலாம்; வண்டி நிறுத்தமும் பலகையும் வைக்காமல் விடலாம். எல்லா ஓடைகளையும் ஒரே அளவுக்குத் திறந்துவிடுவதை வெற்றியின் கணக்காகக் கொள்ளும் துறைகள், மைல் எண்ணிக்கையை மட்டும் ஆண்டறிக்கையில் காட்டுகின்றன.

கீற்றால் செய்ய முடியாததும் ஒன்று உண்டு. ஓடையின் குளிர்ச்சி 66 அடிக்குள் தீர்மானமாவதில்லை. மலைமேட்டு வயல்களில் விழும் மழை எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதில் தீர்மானமாகிறது. 1933இல் விஸ்கான்சினின் கூன் வேலியில் கூட்டாட்சி மண்ணரிப்புத் துறை, நாட்டிலேயே முதன்முறையாக ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சீர்படுத்தும் வேலையைத் தொடங்கியது: சம உயரக் கோட்டில் உழுதல், பயிர்களைப் பட்டை பட்டையாக மாற்றி விதைத்தல், சரிவுகளில் மேய்ச்சல் தடுப்பு. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ஊற்றுகள் வலுத்தன, மழையில்லாத நாளிலும் ஓடைகளில் ஓடும் நீரின் அளவு உயர்ந்தது, ட்ரவுட் திரும்பியது. இன்று பாத்தியம் வாங்குமளவுக்கு அங்கே மீன் இருப்பதற்கு அந்த உழவு மாற்றம்தான் அடிப்படை. அந்தப் பகுதியின் சரிவுகளில் மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் விளையும் வயல்கள் மீண்டும் கூடியிருக்கின்றன. 2018 ஆகஸ்ட் பெருமழையில் கூன் ஓடைப் படுகையிலும் அருகிலும் இருந்த பழைய வெள்ளத்தடுப்பு அணைகள் சில உடைந்தன. எனவே அடுத்த பாத்தியத்தை எந்த ஓடையில் வாங்குவது என்று முடிவு செய்யும்போது, மீன் எண்ணிக்கையோடு ஊற்றின் வெப்பப் பதிவையும், மேட்டு வயலில் என்ன பயிர் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேட்டு நிலத்துக்காரர் ஓடைக்கரைக்காரராக இருக்க மாட்டார். அவருக்கு இந்த நிதியிலிருந்து கொடுப்பதற்கான தலைப்பு பெரும்பாலான மாநிலத் திட்டங்களில் இல்லை.